வீர விருதுகளும் சேவைப் பதக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய அரசு தரும் வீர விருதுகள் எவை? எது பெரியது?

முதன்மையானவை ஆறு. போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்று. எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகிய மூன்று.

முதல் மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டன. 1947-48 காஷ்மீர்ப் போரில் போரிட்டவர்கள் விடுபடக் கூடாது என்பதற்காகவே அந்த முன்தேதி. 1947 நவம்பர் 3 அன்று பட்காமில் உயிர்நீத்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம் வீர் சக்ரா பெற்றது அப்படித்தான். அசோக சக்ரா 1952இல் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கியது. இன்றைய மூன்று பெயர்களும் 1967இல் வந்தவை. பழைய ஆவணத்தில் 'அசோக சக்ரா, மூன்றாம் வகுப்பு' என்று இருந்தால் அது இன்றைய சௌர்ய சக்ரா.

வரிசை இப்படி: பரம் வீர், அசோக, மகா வீர், கீர்த்தி, வீர், சௌர்ய. ஒவ்வொரு படியிலும் போர்க்கள விருதுக்கு அடுத்தபடியாக அதன் அமைதிக்கால இணை நிற்கும். எல்லா விருதுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாரத ரத்னா முதலில். அடுத்து பரம் வீர் சக்ராவும் அசோக சக்ராவும். பத்ம விபூஷண் அவற்றுக்குப் பிறகுதான்.

போரே அறிவிக்கப்படாதபோது பரம் வீர் சக்ரா எப்படிக் கொடுக்கிறார்கள்? மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு ஏன் அசோக சக்ரா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நாளிதழ்கள் 'போர்க்கால விருது', 'அமைதிக்கால விருது' என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. விருதின் விதியில் போர் அறிவிப்பு என்ற நிபந்தனையே கிடையாது. தரையிலோ கடலிலோ வானிலோ எதிரியின் முன்னிலையில் செய்த செயலா என்பதுதான் கேள்வி.

1961இல் ஐ.நா. படையில் காங்கோவுக்குச் சென்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, 1987இல் சியாச்சினில் பாகிஸ்தான் காவல்நிலையைக் கைப்பற்றிய பாணா சிங், 1999 கார்கிலில் நால்வர் என இவர்கள் யாரும் முறைப்படி அறிவிக்கப்பட்ட போரில் இல்லை. ஆனால் பரம் வீர் சக்ரா பெற்றார்கள். இந்திய அமைதி காக்கும் படையில் இலங்கைக்குச் சென்ற மகார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அப்படியே. 1987 நவம்பர் 25 அன்று நடந்த சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு வீழ்த்திவிட்டு உயிர்நீத்தார்.

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சூடே நடக்கவில்லை. ஆனால் எதிரே நின்றது சீன ராணுவம். அதனால் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனிக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது வீர் சக்ரா.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் மோதியது தீவிரவாதிகளோடு. உள்நாட்டில் நடக்கும் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகள் வழக்கமாக அசோக சக்ரா வரிசையில் வருகின்றன. ஆகவே அவருக்குக் கிடைத்தது அந்த வரிசையின் உச்ச விருது. 'பரம் வீர் சக்ரா தராமல் குறைத்துவிட்டார்கள்' என்று சொல்வது தவறு. அவர் செய்த செயலுக்கு அதைவிட உயர்ந்த விருது அந்த வரிசையில் இல்லை.

இதுவரை எத்தனை பேர் பரம் வீர் சக்ரா பெற்றிருக்கிறார்கள்?

21 பேர். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின். 20 பேர் தரைப்படை, ஒருவர் விமானப்படை. அந்த ஒருவர் 1971இல் ஸ்ரீநகர் வான்தளத்தைக் காத்த நிர்மல் ஜித் சிங் சேகோன். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள் உண்டு. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு இவர்கள் பெயர்கள் சூட்டப்பட்டன. பரமேஸ்வரன் பெயரிலும் ஒரு தீவு இருக்கிறது.

அதிகாரிகளுக்கு மட்டும்தானா? பெண்கள், பொதுமக்கள் பெற முடியுமா?

பதவி ஒரு தடையே இல்லை. கார்கிலில் பரம் வீர் சக்ரா பெற்ற யோகேந்திர சிங் யாதவ் அப்போது 19 வயது சிப்பாய். உடம்பெல்லாம் குண்டுக் காயங்களோடு மருத்துவமனையில் உயிரோடு இருந்தவருக்கு முதலில் 'மறைவுக்குப் பின்' என்றே விருது அறிவிக்கப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது.

அசோக சக்ரா வரிசை பொதுமக்களுக்கும் காவல்துறைக்கும் மத்திய ஆயுதப் படைகளுக்கும் திறந்தது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்நீத்த பணிப்பெண் நீர்ஜா பனோட், 2001 நாடாளுமன்றத் தாக்குதலில் எச்சரிக்கை எழுப்பி உயிர்நீத்த சி.ஆர்.பி.எஃப். காவலர் கமலேஷ் குமாரி இருவரும் அசோக சக்ரா பெற்றவர்கள். பரம் வீர் சக்ரா பெற்ற பெண் இதுவரை இல்லை.

விருதுக்கு யார் பரிந்துரைக்கிறார்கள்? குடும்பத்தார் விண்ணப்பிக்கலாமா?

ராணுவ வீர விருதுக்குக் குடும்பத்தார் விண்ணப்பிக்கும் வழி இல்லை. பரிந்துரை யூனிட்டில் தொடங்கும். கமாண்டிங் ஆபீசர் சைட்டேஷன் (வீரச் செயலை விவரிக்கும் பரிந்துரைக் குறிப்பு) எழுதுவார். நாள், நேரம், இடம், செய்த செயல், நேரில் கண்டவர்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஒவ்வொரு மட்டமும் தன் கருத்தைச் சேர்த்து மேலே அனுப்பும். முடிவில் பாதுகாப்பு அமைச்சர், முப்படைத் தளபதிகள், பாதுகாப்புச் செயலர் ஆகியோர் கொண்ட மத்திய விருதுக் குழு பரிசீலிக்கும். உள்துறை அனுப்பும் பெயர்களென்றால் உள்துறைச் செயலரும் அமர்வார். ஒப்புதல் குடியரசுத் தலைவருடையது.

பரிந்துரைகள் ஆண்டுக்கு இருமுறை கேட்கப்படும். ஆகஸ்டில் கேட்பவை குடியரசு தினத்துக்கு, மார்ச்சில் கேட்பவை சுதந்திர தினத்துக்கு.

எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் சாட்சியில். கூட இருந்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டாலோ, ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் பொருந்தாவிட்டாலோ மேல்மட்டம் ஒரு படி இறக்கும், அல்லது திருப்பி அனுப்பும். இன்னொரு குறை, செயலைச் சொல்லாமல் குணத்தைப் புகழும் சைட்டேஷன். 'அஞ்சாநெஞ்சர்' என்று மூன்று வரி எழுதுவதைவிட, 'இடது தோளில் குண்டு பட்ட பிறகு 30 மீட்டர் தவழ்ந்து சென்று பதுங்குகுழிக்குள் கையெறி குண்டு வீசினார்' என்ற ஒரே வரிக்கு எடை அதிகம். அதே ஆள், அதே வீரம்தான். எழுதிய விதத்தால் பதக்கம் ஒரு படி மாறிப்போவது உண்மையிலேயே நடக்கிறது. அதனால்தான் யூனிட் அளவில் சைட்டேஷன் எழுதுவதை அலுவலக வேலையாக நினைக்கக் கூடாது என்று சொல்கிறோம். அந்த ஆள் செய்ததற்கு அதுதான் நிரந்தரச் சாட்சி.

வீரப் பதக்கத்துக்கும் சேவைப் பதக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

வீரப் பதக்கம் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு. சேவைப் பதக்கம் நீண்டகாலச் சிறப்பான பணிக்கு. பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா என்ற மூன்றும் 1960இல் தொடங்கியவை. இவற்றில் மேல் இரண்டும் நடைமுறையில் மூத்த அதிகாரிகளுக்கே போகின்றன. போர் நடவடிக்கைக் காலத்துச் சிறந்த பணிக்கு 1980இல் சர்வோத்தம் யுத் சேவா, உத்தம் யுத் சேவா, யுத் சேவா பதக்கங்கள் வந்தன.

2019 பிப்ரவரி 27 வான்சண்டை இதற்கு நல்ல உதாரணம். எதிரி விமானத்தோடு மோதிய விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானுக்கு வீர் சக்ரா. தரையில் ரேடார் திரை முன் அமர்ந்து விமானிகளை வழிநடத்திய ஸ்குவாட்ரன் லீடர் மின்டி அகர்வாலுக்கு யுத் சேவா பதக்கம். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

தரைப்படையின் சேனா பதக்கத்தில் கவனம் தேவை. ஒரே பதக்கம் வீரத்துக்கும் தரப்படும், கடமை உணர்வுக்கும் தரப்படும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, சான்றிதழைப் பார்த்தால்தான் தெரியும். அரசு மாதந்தோறும் தரும் தொகையான மாதப்படி, வீரத்துக்குப் பெற்றவர்களுக்கு மட்டுமே. கடற்படையின் நவ் சேனா பதக்கமும் விமானப்படையின் வாயு சேனா பதக்கமும் இதே மாதிரிதான்.

பதக்கத்தைப் பார்த்தே எது என்று கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். ரிப்பனைப் பார்த்தால் போதும்.

பரம் வீர் சக்ரா: வெண்கலம். விட்டம் 1⅜ அங்குலம், சுமார் 35 மில்லிமீட்டர். நடுவில் தேசியச் சின்னம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. ரிப்பன் வேறு கோடு எதுவும் இல்லாத ஊதா. வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரியை மணந்தவர்.

மகா வீர் சக்ரா: வெள்ளி, ஐந்துமுனை நட்சத்திரம், பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு ரிப்பன். வீர் சக்ரா: இதுவும் வெள்ளி, ரிப்பன் பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு.

அசோக சக்ரா வரிசைக்கு எளிய கணக்கு உண்டு. மூன்றுக்கும் பச்சை ரிப்பன். நடுவில் ஓர் ஆரஞ்சுக் கோடு இருந்தால் அசோக சக்ரா (பொன்முலாம்), இரண்டு கோடு கீர்த்தி சக்ரா (வெள்ளி), மூன்று கோடு சௌர்ய சக்ரா (வெண்கலம்).

ஒரே விருதை மறுபடி பெற்றால் இரண்டாவது பதக்கம் தரமாட்டார்கள். ரிப்பனில் ஒரு பட்டை சேர்ப்பார்கள். மகா வீர் சக்ராவை இருமுறை பெற்றவர்களில் விமானப்படையின் ஜக் மோகன் நாத் (1962, 1965), பின்னாளில் தரைப்படைத் தளபதியான அருண் ஸ்ரீதர் வைத்யா (1965, 1971) ஆகியோர் உண்டு.

தாத்தாவின் பெட்டியில் ஏழெட்டுப் பதக்கம் இருக்கிறது. அவர் வீர விருது பெற்றவரா?

பெரும்பாலும் அவை பங்கேற்புப் பதக்கங்களும் பணிக்காலப் பதக்கங்களுமே. குறைவானவை என்று சொல்லவில்லை. ஒருவர் எந்த ஆண்டு எந்த எல்லையில் நின்றார் என்பதை அவை துல்லியமாகச் சொல்லிவிடும்.

சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம் இருந்தால் 1965 போர். பூர்வி ஸ்டார் என்றால் 1971இல் கிழக்கு முனை, பச்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை, கூடவே சங்க்ராம் பதக்கமும் இருக்கும். சைன்ய சேவா பதக்கத்தின் ரிப்பனில் உள்ள சிறு உலோகப் பட்டையைப் படியுங்கள். இமாலயா, ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) என்று பணியிடம் பொறித்திருக்கும். 9, 20, 30 ஆண்டுப் பதக்கங்கள் நீண்ட சேவைக்கானவை. ஏதாவது ஒரு ரிப்பனின் மேல் சின்னத் தாமரை இலை குத்தியிருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். அது போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதன் அடையாளம். வீட்டில் யாருக்கும் தெரியாமலே கிடக்கும்.

பதக்கத்தின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படை எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் படைப்பிரிவின் பணி ஆவணங்களைக் காக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு (பொறியாளர் படை) பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (மின், இயந்திரப் பொறியியல் படை) செகந்திராபாத். எண்ணோடு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், உறவை நிரூபிக்கும் வாரிசுச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

1947க்கு முந்தைய பதக்கம் என்றால் அது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினுடையது. அந்தக் காலத்தின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ், மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியனுக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது. 1944இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். தமிழ்நாட்டிலேயே பலருக்கு இவர் பெயர் தெரியாதது வருத்தமான விஷயம்.

வெள்ளிப் பதக்கம் கறுத்துவிட்டது. துலக்கலாமா?

வேண்டாம். விபூதி, புளி, பல்பொடி, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. ஒவ்வொரு துலக்கலிலும் விளிம்பில் உள்ள எழுத்து கொஞ்சம் தேயும். பத்து தீபாவளிக்குத் துலக்கினால் பெயரே போய்விடும். மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரிப்பனைத் துவைக்காதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அசல் ரிப்பன் நைந்திருந்தால் அதைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டுப் புது ரிப்பன் போட்டுக்கொள்ளலாம். சாதாரண பிளாஸ்டிக் உறையில் வைத்தால் வியர்த்து வெண்கலத்தில் பச்சை பூக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் பெட்டியில் போடுங்கள்.

தொலைந்துபோனால் முதலில் காவல்நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பணியில் இருப்பவர் யூனிட் வழியாகவும், ஓய்வு பெற்றவர் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவும் மாற்றுப் பதக்கம் கேட்கலாம். கடையில் விற்கும் நகலை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதானால் 'நகல்' என்று அடியில் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்குக் குழப்பம் வராது.

விருது அறிவித்து எவ்வளவு நாளில் பதக்கம் கைக்கு வரும்?

அறிவிப்பு குடியரசு தினத்துக்கோ சுதந்திர தினத்துக்கோ முந்தைய நாள் வரும். அசோக சக்ரா மட்டும் பெரும்பாலும் குடியரசு தின அணிவகுப்பிலேயே வழங்கப்படும். 2014 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட முகுந்த் வரதராஜனின் விருதை அவர் மனைவி 2015 ஜனவரி 26 அன்று பெற்றுக்கொண்டார். மற்றவை குடியரசுத் தலைவர் மாளிகை விழாவில். சில மாதங்களிலிருந்து ஓராண்டு வரை ஆகலாம், சில நேரம் அதற்கு மேலும். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அபிநந்தனின் வீர் சக்ரா 2021 நவம்பர் 22 அன்றுதான் அணிவிக்கப்பட்டது. மாதப்படிக்கான உரிமைக்கு விழா நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை, அரசிதழ் அறிவிப்பு வந்ததுமே கேட்கலாம்.

பணம், ரயில் பாஸ், வரி?

மத்திய அரசின் மாதப்படி 2017 ஆகஸ்ட் 1 முதல் இரட்டிப்பானது: பரம் வீர் சக்ரா ரூ.20,000, அசோக சக்ரா ரூ.12,000, மகா வீர் சக்ரா ரூ.10,000, கீர்த்தி சக்ரா ரூ.9,000, வீர் சக்ரா ரூ.7,000, சௌர்ய சக்ரா ரூ.6,000, வீரத்துக்கான சேனா பதக்கம் ரூ.2,000. இது ஓய்வூதியத்தோடு கூடுதலாக வரும்.

விருது பெற்றவர் இறந்தால் மனைவிக்குத் தொடரும். கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே மறுமணத்துக்குப் பின்னும் கிடைக்கும் என்ற பழைய நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. இன்னும் அந்தப் பழைய விதியைச் சொல்லி மிரட்டும் உறவினர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம்.

ரயில்வே தரும் இலவசப் பயண அட்டையில் துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். மாநில அரசுகள் தரும் ரொக்கம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடும். சொந்த மாநிலம் எது என்று பணி ஆவணத்தில் இருப்பதே கணக்கு. சென்னையில் வீடு இருக்கிறது, ஆவணத்தில் கேரள முகவரி என்றால் இங்கே கோரிக்கை நிற்காது.

வருமான வரி: வீர விருது பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும் அவர் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வரிவிலக்கு உண்டு (1961 சட்டத்தில் 10(18) பிரிவு). சேனா பதக்கம், காவல் பதக்கம் போன்றவை வீரத்துக்காகத் தரப்பட்டவை என்று சான்றிதழில் இருக்க வேண்டும். வங்கி தானாகப் பிடித்தம் செய்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளையில் அரசிதழ் நகல், சான்றிதழ் நகல், பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல் மூன்றையும் நிதியாண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிடித்துவிட்டார்கள் என்றால் வரிக்கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

மறைந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் அணியலாமா?

போர் நினைவிட அஞ்சலி போன்ற நிகழ்ச்சிகளில் வலது மார்பில் அணியலாம். இடது மார்பு, பதக்கம் வென்றவருக்கே உரியது. திருமணம், அரசியல் கூட்டம் எதற்கும் அணியக் கூடாது. படைவீரர் அல்லாதவர் படைவீரர் என்று நம்பவைக்கும் நோக்கில் சீருடையோ அடையாளமோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம். 3 மாதம் வரை சிறை.

பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னால் போடலாமா?

கூடாது. கல்வி, ராணுவம் சாராத பட்டங்களை அரசு தரக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு. இந்த விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று பாலாஜி ராகவன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது, சேர்த்தால் விருது பறிபோகலாம் என்றும் சொன்னது. அழைப்பிதழில் 'பத்மஸ்ரீ' என்று அச்சடிப்பவர்கள் மரியாதை செய்வதாக நினைத்து, விருது பெற்றவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறார்கள். 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று அறிமுகத்தில் சொல்லலாம், அதில் தடை இல்லை.

பத்ம விருதுகளுக்குப் பணமோ பயணச் சலுகையோ கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்று, பதக்கம், அதன் சிறு நகல், அவ்வளவுதான்.

பத்ம விருதுக்கு ஒருவரை நாமே முன்மொழியலாமா?

யாரும் முன்மொழியலாம், தன்னைத்தானேகூட. ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளம் வழியாக மட்டுமே. தாளில் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, 2026 விருதுகளுக்கு 2025 மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை இருந்தது. சாதனைக் குறிப்பு அதிகபட்சம் 800 சொற்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்குத் தகுதி இல்லை, மருத்துவர்களும் அறிவியலாளர்களும் மட்டும் விதிவிலக்கு. பத்மஸ்ரீ பெற்றவரை அடுத்த படிக்கு முன்மொழிய வழக்கமாக 5 ஆண்டு இடைவெளி வேண்டும்.

நிராகரிக்கப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை வாங்கிய விருதுகளையும் பொன்னாடைகளையும் பட்டியலிடுபவை. குழு பார்ப்பது, இவர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்காது என்பதை. 40 ஆண்டாக ஒருவர் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார் என்றால், எத்தனை கதைகளைக் காப்பாற்றினார், எத்தனை பேருக்குக் கற்றுத்தந்தார், அவர்களில் எத்தனை பேர் இன்று ஆடுகிறார்கள் என்று எழுதுங்கள்.

ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிய எங்கள் ஊர்க்காரருக்கு என்ன விருது உண்டு?

ஜீவன் ரக்ஷா பதக். 1961இல் தொடங்கியது. நீரில் மூழ்குதல், தீ, மின்சாரம் தாக்குதல், மண்சரிவு, விலங்கு தாக்குதல், சுரங்க விபத்து போன்றவற்றிலிருந்து உயிர் காத்த யாருக்கும் உரியது. மூன்று படிகள்: மீட்டவரின் உயிருக்கே மிகப் பெரும் ஆபத்து இருந்தால் சர்வோத்தம் (ரூ.2,00,000), பெரும் ஆபத்து இருந்தால் உத்தம் (ரூ.1,50,000), கடும் உடற்காயத்துக்கான ஆபத்து இருந்தால் ஜீவன் ரக்ஷா பதக் (ரூ.1,00,000). மறைவுக்குப் பின்னும் தரப்படும். ராணுவத்தினர், காவலர், தீயணைப்பு வீரர் கடமையின் பகுதியாகச் செய்ததற்குக் கிடையாது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது செய்திருந்தால் உண்டு.

இந்த விருதைப் பற்றித்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவிரியிலும் தாமிரபரணியிலும் கல்குவாரிக் குட்டைகளிலும் ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் குதித்து யாரையோ காப்பாற்றுகிறார். உள்ளூர்ச் செய்தியில் நான்கு வரி வரும், சால்வை போடுவார்கள், அதோடு முடிந்துபோகும். யாரும் கோப்பு தயாரித்து அனுப்புவதில்லை. சம்பவம் நடந்து சுமார் இரண்டு ஆண்டுக்குள் பரிந்துரை போய்ச் சேரவில்லை என்றால் பிறகு எவ்வளவு பெரிய வீரமானாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செய்ய வேண்டியது: முதல் வாரத்திலேயே காவல்நிலையப் பதிவின் நகலையும், காயம் இருந்தால் அரசு மருத்துவமனைச் சான்றையும் வாங்கிவிடுங்கள். மீட்கப்பட்டவர், நேரில் பார்த்த இருவர் ஆகியோரின் கையெழுத்திட்ட வாக்குமூலங்களை நினைவு மங்குவதற்கு முன் எழுதி வாங்குங்கள். இடத்தைப் படமெடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அறிக்கையோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். அங்கிருந்து மாநில அரசு, பிறகு மத்திய உள்துறை.

சம்பவக் குறிப்பில் ஆபத்தை அளந்து எழுதுங்கள். நீரின் ஆழம் எத்தனை அடி, இழுப்பு எப்படி, அணை திறந்திருந்ததா, மீட்டவருக்கு நீச்சல் தெரியுமா, எத்தனை முறை உள்ளே போனார், எவ்வளவு நேரம், அவருக்கு என்ன காயம். 'உயிரைப் பணயம் வைத்து' என்று மட்டும் எழுதினால் எந்தப் படி என்று முடிவுசெய்யக் குழுவிடம் எதுவும் இருக்காது. பல கோப்புகள் கீழ்ப்படியில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

அறிவிப்பு குடியரசு தினத்தையொட்டி வரும். பதக்கம், மத்திய உள்துறை அமைச்சர் கையெழுத்திட்ட சான்றிதழ், தொகை ஆகியவற்றை மாநில அரசு பின்னர் வழங்கும். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

மாநில விருதும் கேட்கலாமா? மீட்டவர் சிறுவன் என்றால்?

கேட்கலாம். தமிழ்நாடு அரசின் வீரதீரச் செயல்களுக்கான அண்ணா பதக்கம் குடியரசு தினத்தில் முதல்வரால் வழங்கப்படும். துணிவு, சாகசச் செயல் புரிந்த பெண்களுக்கு கல்பனா சாவ்லா விருது சுதந்திர தினத்தில். அதே ஆவணத் தொகுப்பே போதும், இரண்டு நகல் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பிரதமரின் ராஷ்ட்ரிய பால புரஸ்காரில் வீரத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

காவல் பதக்கங்களின் பெயர் மாறிவிட்டதா?

ஆம். காவல், தீயணைப்பு, ஊர்க்காவல், சிறைத்துறை என்று 16 விதமாக இருந்தவை நான்காக இணைக்கப்பட்டன: வீரத்துக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், வீரப் பதக்கம், தகைசால் பணிக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், பாராட்டத்தக்க பணிக்கான பதக்கம். 2024 குடியரசு தினப் பட்டியலில் இருந்தே புதிய பெயர்கள்தான். பழைய பெயரில் பெற்றவர்களின் உரிமை எதுவும் மாறவில்லை.

'தேசிய விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தது. உண்மையா?

பொய். இந்திய அரசின் எந்த விருதுக்கும் கட்டணம் கிடையாது. விழா அரங்குச் செலவு, பதக்கச் செலவு, சான்றிதழ் அச்சுச் செலவு என்று எதைச் சொன்னாலும் பொய்தான். 'பாரத', 'ராஷ்ட்ரிய', 'ரத்னா' என்ற சொற்களோடும் நான்முகச் சிங்கத்தோடும் தனியார் அமைப்புகள் விற்கும் சான்றிதழ்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. சிங்கச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

சரிபார்க்க ஒரே இடம் இந்திய அரசிதழ். குடியரசுத் தலைவர் செயலகத்தின் விருது அறிவிக்கைகள் பகுதி 1, பிரிவு 1இல் வெளியாகும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் பெயர் இல்லையென்றால் விருதும் இல்லை. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.